மூன்று நாள் பத்தியம்

அந்த வீட்டுக்குள் வெள்ளை ரொட்டி கடைசியாக நுழைந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடிக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே அவர் மனைவி சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் தவிடு நீக்காத மாவு, ஆளிவிதைப் பொடி, தோலோடு பழம், தினமும் ஒரு கீரை. மனிதர் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துகிறவர். கீழே பேக்கரி. பகலெல்லாம் பன் வாசனையை முகர்ந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காமல் கீரையைச் சாப்பிடுவார்.

"இன்ஸ்பெக்டர், தட்டைப் பாத்துக்கோங்க. காலி," என்பார்.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. தினமும் கிளம்புவதற்கு முன்னால் தையல் மெஷினின் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே சேர்ந்த நூல் பிசிறைப் பிரஷால் தட்டி எடுப்பாள். "எவ்வளவு பொடியா இருந்தாலும் பிசிறு பிசிறுதான். சேந்துச்சுன்னா அடைச்சுக்கும்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். ஊருக்குச் சொன்ன அந்தப் புத்தி சொந்த அடுப்படியில் வேலை செய்யவில்லை. இந்தக் கதையே அதுதான்.

ஒருநாள் அவருக்கு மலத்தோடு ரத்தம் போனது. மூலம்தான் என்று அவர் சொன்னார். அவள் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா தேதி கொடுத்தார். கூடவே ஒரு தாள். மூன்று நாளைக்கு நார்ச்சத்து கூடாது. கீரை, விதை, தவிடு, பழத்தோல் எதுவும் ஆகாது. வெள்ளை ரொட்டி, தோல் உரித்த உருளைக்கிழங்கு, முட்டை சாப்பிடலாம். கடைசி நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம்தான், அப்புறம் பேதி மருந்து. குடல் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சந்தேகம் இருந்தால் கூப்பிட ஒரு போன் நம்பரும் இருந்தது.

அவள் அந்தத் தாளை மூன்று தரம் படித்தாள். பதினெட்டு வருஷமாக எதைக் கொடு கொடு என்றார்களோ அதையெல்லாம் கொடுக்காதே என்கிறது. எதை விஷம் என்றார்களோ அதைக் கொடு என்கிறது. இது எல்லாருக்கும் அச்சடித்த தாள், இவருக்குச் சர்க்கரை இருப்பது அச்சடித்தவனுக்குத் தெரியுமா? மூன்று நாள் வெள்ளை ரொட்டி தின்று சர்க்கரை ஏறி எங்காவது விழுந்து வைத்தால்? போன் நம்பர் கண்ணில் படத்தான் செய்தது. இதற்கெல்லாம் போய் அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் தவிட்டை ரொட்டியில் மறைத்தாள். வெள்ளை மாவோடு இரண்டு பிடி தவிடும் ஆளிவிதையும் சேர்த்து, மிக்சியில் மாவாகும்வரை அரைத்துக் கலந்தாள். இவ்வளவு பொடியாக அரைத்த பிறகு அதில் நார் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தாள்.

"என்னம்மா, ரொட்டி கொஞ்சம் கருத்த மாதிரி இருக்கு?"

"அடுப்பு தூக்கலா இருந்துச்சு. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். கடைசி நாள் அந்த உப்புக்கரிக்கும் மருந்துத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கழிவறைக்கும் கட்டிலுக்குமாக எத்தனை நடை நடந்தார் என்று கணக்கில்லை. "கால் இருந்தும் இப்படி நடந்ததில்லை, குடல் நடத்துது" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவும் தெம்பில்லை.

மறுநாள் டாக்டரம்மா பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மயக்கம் தெளிந்ததும் இருவரிடமும் சொன்னார். "வாசல்ல மூலம் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. உள்ளே ஒரே சக்கையும் விதைத்தோலுமா ஒட்டிக்கிட்டு இருக்கு. தாள்ல இருந்ததைத் தவிர வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லையே டாக்டர். எங்க வீட்டுல இன்ஸ்பெக்டர் இருக்காங்க. ஒரு பருக்கை தப்பாது," என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அவர் அவ்வளவு பெருமையாகச் சொன்ன பிறகு வார்த்தை வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். அவர் முடியாது என்றுவிட்டார். "சொன்னதைச் சொன்னபடி செஞ்சும் ஆகல. எனக்கு ஆகாத குடல் போல. மறுபடியும் அந்தத் தண்ணியைக் குடிச்சு, மறுபடியும் அதே சேறுதான்னு சொல்லிக் கேக்கணுமா? மூலம்னுதான் தெரிஞ்சிருச்சே."

அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். குடல் மேல் குற்றமில்லை, என் மேல்தான், அடுத்த தடவை சரியாக வரும் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். "டாக்டர் சொன்னா கேளுங்க" என்று மட்டும் நாலைந்து தரம் சொன்னாள். அதற்குமேல் சொல்ல வெட்கம் தடுத்தது. பொல்லாத வெட்கம்.

பதினான்கு மாதம் ஓடியது. அவருடைய இடுப்புப் பட்டையில் இரண்டு புது ஓட்டை விழுந்தது. சட்டைகளை அவளே பிரித்துப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள். மூன்றாவது சட்டையைப் பிடிக்கும்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை.

அதே தாள். இந்த முறை தாளில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரையை எப்படிக் குறைப்பது, எப்போதெல்லாம் விரலில் குத்திப் பார்ப்பது என்று நர்ஸ் விவரமாகச் சொன்னாள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பிறகு வெள்ளை ரொட்டி வாங்கி ஓரத்தைக்கூட நறுக்கிவிட்டுக் கொடுத்தாள். உருளைக்கிழங்கில் ஒரு துளித் தோல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய் வேகவைத்த தண்ணீரை லைனிங் துணியில் இரண்டு தடவை வடிகட்டினாள். சர்க்கரை கொஞ்சம் ஏறியது, இறங்கியது. போன தடவையும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

பரிசோதனை முடிந்து நர்ஸ்தான் முதலில் வந்தாள். "எவ்வளவு சுத்தமா தயார் பண்ணியிருக்கீங்கம்மா. நூத்துல ஒருத்தர்தான் இப்படி வருவாங்க. டாக்டரே சொன்னாங்க, கண்ணாடி மாதிரி எல்லாம் தெரியுதுன்னு."

மயக்கம் முழுதும் தெளியாத கண்ணாடிக்காரர் கட்டிலில் படுத்தபடியே கையைத் தூக்கி அவளைக் காட்டினார். "எல்லாம் இவ கைப்பக்குவம்," என்றார்.

அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

கண்ணாடி மாதிரி தெரிந்தது கட்டி. ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரம் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார் டாக்டரம்மா. ஈரல் வரைக்கும் பரவிவிட்டது. அவர் இருக்கிற நிலைமைக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"போன வருஷமே பாத்திருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அதை இப்போ உறுதியா சொல்ல முடியாதும்மா. சின்னதா இருந்திருக்கலாம்."

"சாப்பாடு? சர்க்கரை இருக்கே, எதை எதைத் தவிர்க்கணும்?"

"இனிமே பத்தியம் எல்லாம் வேண்டாம்மா. எதுக்கு ஆசைப்படுறாரோ அதைக் கொடுங்க."

பத்தொன்பது வருஷமாக எந்த டாக்டரும் சொல்லாத வார்த்தை. அவள் அதைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். அவருடைய கடைக்குக் கீழே நின்றாள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்ததும், "என்ன, இன்ஸ்பெக்டரம்மாவே ரெய்டுக்கு வந்துட்டீங்க?" என்று கிண்டலடித்தார். அவள் நான்கு பன் வாங்கினாள்.

வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒரு பன்னை வைத்து முன்னால் நீட்டினாள். அவர் தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கையாலேயே பன் வந்தால் அதன் அர்த்தம் யாருக்கும் பிடிபடும்.

"எவ்வளவு நாளாம்?"

"சொல்லலீங்க." உட்கார்ந்தாள். "போன தடவை ரொட்டியில நான் தவிடு அரைச்சுப் போட்டேங்க. விதையும் போட்டேன். உங்களுக்குச் சர்க்கரை ஏறிடும்னு பயந்துட்டேன். உங்க குடல் மேல தப்பில்லை. டாக்டர் கேட்டப்போ நான் வாயைத் திறக்கல. நீங்க போகமாட்டேன்னு சொன்னப்பவும் திறக்கல."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கோபித்துக் கத்துவார், தட்டைத் தள்ளுவார் என்று அவள் காத்திருந்தாள். அது நடந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போயிருப்பேனேம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவரிடம், இந்த வில்லையைப் போன மாதமே மாற்றியிருக்கலாமே என்பாரே, அந்தக் குரலில் சொன்னார்.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் பன்னைப் பிய்த்து ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார். பல் ஆடுகிறவர்போல மெதுவாக மென்றார். விரலில் ஒட்டிய துணுக்கையும் விடவில்லை. காலித் தட்டை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"இன்ஸ்பெக்டர், இன்னொண்ணு கிடைக்குமா?"

போதும் என்று தடுக்க அவள் கை தன்னால் உயர்ந்தது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம். உயர்ந்த கையை இறக்கிப் பையை எடுத்து, மீதி மூன்றையும் அவர் தட்டில் வைத்தாள்.