வெள்ளிக்கிழமை நோட்டும் திங்கட்கிழமை நோட்டும்

அண்ணன் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகை முழுவதும் இரண்டு பங்குகளில் இருந்தது. பெயின்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவன் நான். டயர் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவன் என் தம்பி, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். ஒருவர் தேர்வில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அண்ணன் போட்ட கட்டளை. ஒரு வீட்டுப் புத்தி பிசகினாலும் இன்னொரு வீட்டுப் புத்தி காப்பாற்றும் என்பார். விலையையும் அந்தந்த வீட்டு நோட்டில்தான் எழுத வேண்டும், வாரம் ஒருமுறை, அழியாத மையில். அண்ணன் போய் நான்கு வருடமாகியும் அந்தக் கட்டளையை நாங்கள் மீறியதில்லை.

இந்த வருடம் ஒரு நெருக்கடி வந்தது. அண்ணி குடியிருக்கும் வீட்டை, இன்னும் இரண்டு வருடத்தில் பணம் கட்டினால் அவருக்கே விற்பதாக உரிமையாளர் சொல்லியிருந்தார். இருபத்தாறு வருடம் வாழ்ந்த வீடு. பங்குகள் இன்றைய நிலையில் நின்றால் வீடு அவருடையது, சரிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பணத்தை எடுத்து வங்கியில் போட்டுவிடலாமா என்று அண்ணி கேட்டார். ஒரு மாதம் பொறுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் நாற்பது வருடம் நிலம் அளந்தவன். என் அளவை எந்த நீதிமன்றமும் தள்ளியதில்லை. இரண்டு பங்குகள் எவ்வளவு தூரம் சேர்ந்து நடக்கின்றன என்று அளக்கவும் ஓர் எண் உண்டு, புத்தகத்தில் அதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். ஒன்று வந்தால் இரண்டும் கைகோத்து ஏறி இறங்குகின்றன. பூஜ்யம் வந்தால் ஒன்றின் போக்கு மற்றதைப் பற்றி எதுவும் சொல்லாது. கழித்தல் ஒன்று வந்தால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். பணத்தைப் பிரித்துப் போட்டவனுக்கு இந்த எண் சிறியதாக இருப்பது நல்லது.

சின்னவனுடைய நோட்டை வாங்கி வந்தேன். என் நோட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று வருடத்து வாராந்தர ஏற்ற இறக்கங்களை வரிசையாக எடுத்து, பத்து நாள் உட்கார்ந்து பெருக்கி வகுத்தேன். 0.16 வந்தது. என் நோட்டின் முதல் பக்கத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

குறித்த நாளில் எல்லோரும் அண்ணி வீட்டு முன்னறையில் கூடினோம். நான் நின்றுகொண்டே படித்தேன். பெயின்ட் சுவரில் பூசுவது, டயர் சாலையில் ஓடுவது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் என்ன முடிச்சு, எண்ணும் அதையே சொல்கிறது என்று முடித்தேன். பணத்தை எடுக்க வேண்டாம், இரண்டு வருடத்துக்கு நானே பொறுப்பு என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சின்னவன் மட்டும், தன் லேத் பட்டறையில் பத்து நாள் வேலை செய்திருந்தால் இதற்குள் ஒரு வண்டிக்கே பாகம் கடைந்திருக்கலாம் என்று முனகினான்.

அண்ணி இரண்டு நோட்டையும் கேட்டு வாங்கினார். மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் தலைமையில் இருந்தவர். விரலை வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"இதென்ன தம்பி, உங்க நோட்டுல எல்லாம் வெள்ளிக்கிழமை. சின்னவர் நோட்டுல எல்லாம் திங்கட்கிழமை."

சின்னவன் பட்டறைக்குச் செவ்வாய் விடுமுறை, அன்று காலை நாளிதழில் வருவது முந்தைய நாள் விலை, நான் சனிக்கிழமை நாளிதழைப் பார்க்கிறேன் என்று விளக்கினேன். இரண்டும் ஒரே வாரம்தானே என்றேன்.

"ஒரே நோயாளிதான். ஆனா காலையில சாப்பிடாம எடுத்த ரத்தத்தையும் சாயங்காலம் பலகாரம் சாப்பிட்டு எடுத்த ரத்தத்தையும் பக்கத்துல வச்சு நாங்க ரிப்போர்ட் எழுத மாட்டோம்."

"எங்க வீட்டு நோட்டுல தப்பு இருக்காது அண்ணி."

"நோட்டுல தப்பே இல்ல. ரெண்டையும் சேர்த்த இடத்துலதான் சந்தேகமா இருக்கு."

இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் அளவை ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் காது சூடாக இருந்தது. ஆனால் வீட்டுப் படியேறும்போதே விஷயம் புரிந்துவிட்டது. திங்கள் முதல் திங்கள் வரை ஒரு வாரம், வெள்ளி முதல் வெள்ளி வரை ஒரு வாரம். என் வரிசையில் அருகருகே நின்ற இரண்டு வாரங்களுக்கும் பொதுவாக இருந்தது ஐந்து சந்தை நாளில் ஒரே ஒரு நாள். எல்லைக்கல் ஒன்றிலிருந்து நீளத்தையும் வேறொரு கல்லிலிருந்து அகலத்தையும் அளந்துவிட்டுப் பரப்பளவு சொன்னவன் ஆனேன்.

மறுநாள் பங்குத் தரகர் அலுவலகத்துக்குப் போய் டயர் கம்பெனியின் மூன்று வருட வெள்ளிக்கிழமை விலைகளை அச்சடித்துத் தரச் சொன்னேன். கவுன்டரில் இருந்த பெண் காகிதத்தை நீட்டியபடி, பெயின்டும் டயரும் கச்சா எண்ணெயைத்தானே நம்பியிருக்கின்றன, எண்ணெய் விலை ஏறினால் இரண்டுக்கும் செலவு ஏறும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. மறுபடி பத்து நாள் உட்கார்ந்தேன். 0.81 வந்தது. நம்பாமல் இன்னொரு முறை போட்டேன். அதேதான்.

இரண்டு பங்குகள் என்று பெயர். உண்மையில் ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று படுத்தால் வண்டியே படுத்துவிடும், அண்ணியின் வீடும் அந்த வண்டியில் இருந்தது.

மூடி மறைத்திருக்கலாம். சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணி அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் முன்னிலையில் சொன்னதை அவர் முன்னிலையில்தான் திருத்த வேண்டும். எல்லோரையும் மறுபடி கூப்பிட்டேன். இந்த முறையும் நின்றுகொண்டுதான் படித்தேன். முதல் எண் தவறு, சரியான எண் 0.81 என்றேன்.

சின்னவன்தான் முதலில் பேசினான். அப்படியானால் தன் டயரை விற்றுவிடலாம் என்றான். மூத்தவனான என் தேர்வுக்காகத் தன் தேர்வை விட்டுக்கொடுப்பதுதான் அவனுக்குத் தெரிந்த மரியாதை. கணக்கில் பிசகியது என் வீடு, ஆகவே விற்பது என் பெயின்ட் என்று சொல்லி அவனை அடக்கினேன். பதினோரு வருடம் நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பங்கு அது.

வந்த பணத்தில் பாதியை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டோம். மீதிப் பாதிக்கு அண்ணியே ஒரு மருந்துக் கம்பெனியைச் சொன்னார்.

"காய்ச்சல் என்ன, எண்ணெய் விலையைக் கேட்டுக்கிட்டா வருது?"

சின்னவன் அடக்க மாட்டாமல் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, ஒரே நாள் விலைகளை வைத்துக் கணக்குப் போட்டேன். மருந்துக்கும் டயருக்கும் 0.11. சந்தை முழுவதும் பயந்து ஓடுகிற நாளில் இந்த எண்ணும் மாறக்கூடும், அதற்குத்தான் வங்கியில் பாதி என்று அண்ணிக்கு விளக்கினேன். எல்லா வீட்டிலும் இனி வெள்ளிக்கிழமை விலைதான் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். பட்டறை விடுமுறையைச் சனிக்கிழமைக்கு மாற்றினால் வாடிக்கையாளர்கள் உதைப்பார்கள் என்றான் சின்னவன். மாற்ற வேண்டாம், சனிக்கிழமை நாளிதழை எடுத்து வைத்துக்கொண்டு செவ்வாயன்று எழுது என்றேன். அதற்குச் சின்னவன் தலையாட்டினான்.

பிறகு பேனாவைத் திறந்தேன். சிவப்பு மையில் இருந்த 0.16ஐ அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 0.81 என்று எழுதி, யார் எப்போது பார்த்தாலும் தெரியும்படி கையெழுத்திட்டு நோட்டை அண்ணியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார். நோட்டை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"தேதியையும் போட்டுடுங்க தம்பி. கிழமையோட."