காலியாய்த் திரும்பிய குண்டான்

விடியும் முன்பே அடுப்படியில் புழுக்கம் ஏறிவிட்டது. குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எலுமிச்சைப்புல்லை முடிச்சாகக் கட்டி உள்ளே தள்ளினாள். அப்புறம் காயவைத்த செம்பருத்தி இதழ் இரண்டு கை. தண்ணீர் சிவந்து வந்தது. அடுப்பை அணைத்த பிறகுதான் புதினா. கொதிக்கும்போதே போட்டால் கசந்துவிடும் என்பது அவள் கட்சி. மூடிபோட்டு ஈரத்துணி சுற்றி ஆறவைத்து, இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நாத்தனார் காத்து நின்றாள்.

"குடுங்க அண்ணி, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

"நீ பிடிச்சா பாதி ரோட்டுக்குப் போயிடும். கையை வீசிக்கிட்டு வா."

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் வெள்ளைச் சட்டைகளைத் தைக்கிற கம்பெனி. தையல் கூடத்தில் மின்விசிறியாவது சுற்றும். பின்கட்டில் தகரக் கொட்டகையில் இருக்கும் இஸ்திரிப் பிரிவுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. காற்றடித்தால் இஸ்திரிப் பெட்டியின் சூடு இறங்கிவிடுமாம், சட்டை பறந்துவிடுமாம். மேலே வெயில் காய்ச்சிய தகரம், பக்கத்தில் நீராவிக் குழாய், கையில் இரும்புப் பெட்டி. முதலில் காலர், பிறகு தோள், கை, முதுகு. பொத்தானை அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி முகத்தில் அறையும். காலால் மிதித்தால் மேசை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நின்றபடியே தேய்க்க வேண்டும். மத்தியானத்துக்குள் ரவிக்கை நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்து, மறுபடி நனையும்.

இந்தக் கொட்டகைக்குத்தான் அவள் நாள் தவறாமல் கஷாயம் சுமந்தாள். சூட்டைத் தணிக்கும், நாவறட்சி போக்கும் என்று அவளாகவே ஆரம்பித்தது. யாரும் கேட்கவில்லை. அதனாலேயே அவளுக்குக் கஷாயக்கா என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் கூப்பிடுகிற பெயராகிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருத்தியின் டம்ளரிலும் ஊற்றுவாள். செம்பருத்திச் சாறு ஒரு சொட்டு வெள்ளைச் சட்டையில் விழுந்தால் கறை போகாது. அதனால் சட்டைக்கு முதுகைக் காட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிக் குடிப்பதுதான் அங்கே வழக்கம். சுவரோரம் நீராவித் தண்ணீர் ஓடும் சின்ன வாய்க்கால் ஒன்று உண்டு. எல்லோரும் குடித்து முடிக்கும்போது குண்டான் காலியாகிவிடும். சாயங்காலம் அந்தக் காலிக் குண்டானை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அவள் நடையில் ஒரு மிதப்பு இருக்கும். இருக்காதா பின்னே? அவள் கையால் இத்தனை பேர் வயிறு குளிர்கிறது.

கொட்டகைக்கு வெளியே தரையெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தபோதும், அந்த வாய்க்கால் போய்ச் சேரும் மூலையில் மட்டும் புல் பச்சைப் பசேலென்று மண்டியிருக்கும். எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறாள். நீராவித் தண்ணியின் புண்ணியம் என்று நினைத்துக்கொள்வாள்.

கழிப்பறைக்கு முன்பெல்லாம் பூட்டுக் கிடையாது. சட்டைகள் மலையாகக் குவிந்த ஒரு சமயத்தில் முதலாளி பூட்டுப் போடச் சொன்னார். அவசரம் தீர்ந்தது, பூட்டு மட்டும் தங்கிவிட்டது. காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை கதவு திறக்கும். நடுவில் வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சாவி கேட்க வேண்டும். அவன் எல்லார் காதிலும் விழும்படி, "இப்பத்தானே போன? என்ன, அணை உடைஞ்சிருச்சா?" என்பான். அதைக் கேட்டுச் சிரிக்க இரண்டு ஆண்கள் எப்போதும் அங்கே இருப்பார்கள். மானமுள்ள எவள் இரண்டாம் தடவை கேட்பாள்?

அன்று உச்சிவெயிலில் நாத்தனாரின் கையிலிருந்த பெட்டி நழுவியது. கஷாயக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் மேசையில் சரிந்து, அங்கிருந்து தரையில் விழுந்தாள். ஓடி வந்த சூப்பர்வைசர் முதலில் தூக்கியது சட்டையை. அதன் தீய்ந்த முதுகைப் பிரித்துப் பார்த்து உச்சுக்கொட்டிய பிறகுதான் கீழே கிடந்தவளைப் பார்த்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. சரக்கு வண்டியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, இந்தப் பெண் நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்பது. கஷாயக்காவுக்குப் பதில் நுனிநாக்கில் இருந்தது. தன் கையால் தினமும் டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுப்பதையும் அதில் என்னென்ன போடுகிறாள் என்பதையும் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இவங்க ரொம்ப நாளா சரியாத் தண்ணியே குடிக்கலம்மா. அடக்கி அடக்கிக் கிருமி வேற ஏறியிருக்கு. கிட்னி ரெண்டும் கெட்டுக்கிட்டு வருது. இனியும் இப்படியே இருந்தா என் கையில ஒண்ணுமில்ல."

செய்தி கேட்டு வந்த வீட்டுக்காரர் தங்கையின் கட்டிலருகே நின்று, "உன் கஷாயத்தைக் குடிச்சுமா இப்படி?" என்றார். அது போதாதா? நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. புல்லில் ஏதாவது கலந்துவிட்டேனா, இதழில் மருந்தடித்திருந்தார்களா என்று அவள் மருகிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் கண் திறந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"அண்ணி, திட்டக்கூடாது. நான் குடிக்கிறதே இல்ல."

"என்னடி சொல்ற?"

"வாயை நனைச்சுட்டுத் துப்பிடுவேன். மிச்சத்தை வாய்க்கால்ல ஊத்திடுவேன். குடிச்சா போகணுமே. சாவி கேட்கணுமே. நீங்க அவ்வளவு தூரம் சுமந்துட்டு வர்றீங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது?"

கஷாயக்காவுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஏனென்றால் அவளும் குடிப்பதில்லை. எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியாகத் தன் டம்ளரோடு சுவர்ப்பக்கம் திரும்பி, அதே வாய்க்காலில்தான் கவிழ்ப்பாள். ஊருக்கெல்லாம் குடிக்கக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் ஏமாற்றுகிறோமே என்று தினமும் கூசுவாள். பச்சைப் புல் மூலை அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மறுநாள் குண்டான் இல்லாமல் வேலைக்குப் போனாள். பக்கத்து மேசைக்காரிக்குக் கட்டைக் குரல், பெயரும் கட்டைக்குரல்தான். பேரன் பேத்தி எடுத்தவள், எதற்கும் அஞ்சாத வாய். கஷாயத்தைக் குடிக்கிறாளா, ஊற்றுகிறாளா என்று அவளிடம் நேராகவே கேட்டாள். கட்டைக்குரல் கண்ணாலேயே வாய்க்காலைக் காட்டினாள். அவளிடமிருந்து அடுத்த மேசை, அங்கிருந்து அடுத்தது என்று கேள்வி தேய்க்கும் சத்தத்துக்கு அடியில் நகர்ந்தது. பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தான் ஒருத்தி மட்டும்தான் ஊற்றுகிறோம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி முதுகைக் காட்டியபடியே இத்தனை காலம் நின்றிருக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நான்கைந்து பேர் முதலாளி அறைக்குப் போனார்கள். உள்ளே குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் பேச வந்தது பாதி மறந்துபோயிற்று. முதலாளி நயமாகவே பேசினார்.

"தண்ணி குடிக்காதீங்கன்னு நான் சொன்னேனா? கேன் கேனா வாங்கி வச்சிருக்கேனே."

"தண்ணி இருக்குங்க ஐயா. சாவிதான் இல்ல," என்றாள் கஷாயக்கா.

"சாவி குடுத்தா நீங்க அங்கேயே குடித்தனம் பண்ணுவீங்க. சட்டை தானாத் தேஞ்சுக்குமா?"

"அவ கிட்னி போச்சுங்க ஐயா."

"அது அவ உடம்பு வாகு. எனக்கும்தான் சர்க்கரை இருக்கு, யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றவர், கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நிற்பவர்களை ஜன்னல் வழியாகக் காட்டினார். "கஷ்டமா இருக்கிறவங்க தாராளமா வேலையை விட்டு நின்னுக்கலாம்."

திரும்பி வந்து பெட்டியைப் பிடித்தார்கள். வேறென்ன செய்வது? ஒருத்தி வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன், இன்னொருத்திக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வெளியே நிற்கும் கூட்டம் நிஜம். உள்ளே தொங்கும் பூட்டும் நிஜம். சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது கட்டைக்குரல் மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்குக் கஷாயம் கொண்டு வா. நிறையக் கொண்டு வா. ஊத்த மாட்டோம்."

மறுநாள் விடியலில் அவள் வாசலில் எலுமிச்சைப்புல் கட்டுக் கட்டாகக் கிடந்தது. யார் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்டா நிறையக் கொதிக்கவைத்தாள். தூக்க முடியவில்லை. ஒரு பக்கம் பிடிக்க இன்று நாத்தனார் இல்லை; கட்டைக்குரல் வந்து பிடித்தாள்.

வெயில் ஏறியதும் அண்டாவிலிருந்து குண்டானில் மொண்டு மேசை மேசையாக ஊற்றினாள். எல்லோரும் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். ஆனால் இன்று தொண்டை இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் முறையும் ஊற்றினாள், வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு தேய்த்தார்கள், தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். அடிவயிறு முட்ட ஆரம்பித்தது. ஒருத்தி காலை மாற்றி மாற்றி நின்றாள். ஒருத்திக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. எப்போது என்று யாரும் பேசிவைக்கவில்லை. கட்டைக்குரல் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்தவள் வைத்தாள். அப்படியே வரிசையாக நீராவிச் சத்தம் அடங்கி, கொட்டகையில் முதன்முதலாக வெளியே காக்கை கத்துவது கேட்டது.

நடந்துபோய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். சூப்பர்வைசர் வழக்கமான கேலியைத் தொடங்கிப் பார்த்தான். சிரிக்கிற ஆட்கள் வரிசையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் முதலாளியைக் கூட்டிவர ஓடினான்.

முதலாளி கையில் சாவியோடுதான் வந்தார். "வேலைக்குப் போங்க. இல்ல வீட்டுக்குப் போங்க."

"வேலைக்குத்தாங்க போறோம்," என்றாள் கஷாயக்கா. "கதவைத் திறந்து விட்டீங்கன்னா போயிட்டு வந்து தேய்க்கிறோம். இன்னைக்கு மட்டும் இல்லீங்க, தினமும்."

"திறக்கலேன்னா?"

"நிக்கிறோம்."

"கேட்டுக்கு வெளியே ஆள் நிக்குது, ஞாபகம் இருக்கட்டும்."

"அவங்களும் பொம்பளைங்கதானே ஐயா," என்றாள் கட்டைக்குரல். "அவங்களுக்கும் வரும்."

வரிசையில் எவளோ களுக்கென்று சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். பூட்டுத் தொங்கியது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. நாளைக்கு வேலை இருக்குமா, ஆஸ்பத்திரியில் கிடப்பவள் தேறுவாளா என்று நினைத்தபடியே நின்றார்கள். சற்று நேரத்தில் தையல் கூடத்திலிருந்து ஒருத்தி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

கஷாயக்கா கொட்டகைக்குப் போய் அண்டாவில் மிச்சமிருந்ததைக் குண்டானில் ஊற்றி எடுத்து வந்தாள். இந்த நிலைமையில் இதை யார் குடிப்பார்கள் என்று தயங்கித்தான் நின்றாள். வரிசையின் முதலில் நின்ற கட்டைக்குரல் டம்ளரை நீட்டினாள். அங்கே கறைபட வெள்ளைச் சட்டை எதுவும் இல்லை, திரும்பிக்கொள்ளச் சுவரும் இல்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள்.