மடங்காத குடை

ஆடி மழைக்கு இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் வெளியே வருகிற உயிர்கள் இரண்டு: அட்டை, வேட்பாளர். அட்டையாவது குடித்து முடித்ததும் தானாக விழுந்துவிடும்.

அந்த 1960இல் தேர்தல் இரண்டு முறை வந்தது. மார்ச்சில் சுயேச்சையாக நின்று கட்டுக்காசை இழந்த நல்லமுத்து ஜூலையிலும் நின்றார். முதல் தடவை ஜனங்கள் அவசரத்தில் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். சின்னம் குடை. தலவாக்கலையில் பெரிய கடை. மயில்கொல்லைத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் ஒரே மகன். பத்து வயதில் கண்டிக்குப் படிக்கப் போனவர், இந்தத் தேர்தலுக்குத்தான் தோட்டத்தில் மறுபடி கால் வைக்கிறார். பிறந்த மண்ணை மறக்கவில்லை என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்.

அவருக்கு வழிகாட்டி கணேசமூர்த்தி. அதே தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவன். எஸ்.எஸ்.சி. பரீட்சையில் இரண்டு தரம் தோற்றதால் தன்னைப் படித்தவன் என்று எண்ணிக்கொண்டிருந்தான். அவன் லயத்துக் காளியாயி குடும்பத்து ஓட்டுகளை வாங்கிக் கொடுத்தால் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி அவனுக்கு என்று பேச்சு. மலையில் குனிந்து தேயிலைச் செடி வெட்டுகிறவனுக்கு, கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் அது அரை சொர்க்கம். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய், நல்லமுத்துவின் தலைக்கு மேல் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக நடந்தான். குடை அவருக்கு, மழை இவனுக்கு.

லயத்தின் ஒற்றையறை வீடுகளில், காம்பராவுக்குக் காம்பரா ஆள் நிறைந்திருந்தது. ஓட்டுத்தான் இல்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எல்லாருடைய ஓட்டையும் துடைத்துக்கொண்டு போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. விண்ணப்பம் போட்டு, அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து, பிரஜாவுரிமை வாங்கியது அந்த லயத்தில் காளியாயி குடும்பம் மட்டுமே.

ஆகவே நல்லமுத்து ஒரு வழிமுறை வைத்திருந்தார்.

"இந்த வீட்டுல?" என்பார், உதடு அசையாமல்.

"இல்லீங்க" என்பான் கணேசமூர்த்தி.

உடனே முகத்திலிருந்த சிரிப்பு அணையும். ஒரு வாசலில் குழந்தையொன்றின் கன்னத்தைக் கிள்ள அவர் கை பாதி தூரம் போயிருந்தது. "இல்லீங்க" காதில் விழுந்ததும் கை திரும்பி வந்து தன் காதையே சொறிந்துகொண்டது. இன்னொரு வாசலில் ராசம்மா பித்தளைச் செம்பில் தேத்தண்ணியோடு நின்றாள். அவர் செம்பைக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

"ஏன் கணேசு, உள்ள வரமாட்டாராமா?"

"அவசரமாப் போறாருக்கா."

"ஓட்டு இல்லாதவ ஊத்துன தேத்தண்ணி தொண்டையில எறங்காதோ?"

பின்னால் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். கணேசமூர்த்திக்கும் சிரிப்பு வந்தது. நாற்காலியை நினைத்து அதை விழுங்கிக்கொண்டான்.

காளியாயி வாசலுக்கு வந்ததும் நல்லமுத்துவின் சிரிப்பு முழுசாகத் திரும்பி வந்தது. அவள் வயசான கொழுந்துக்காரி. வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். மகன், மருமகள், மகள் எல்லாருடைய ஓட்டும் அவள் கைகாட்டுகிற பக்கம்தான் விழும். புருஷன் மூக்கன் உள்ளே இருமிக்கொண்டிருந்தான்.

"யாரு, பெரியங்காணி மகனா? மூக்கு அப்படியே அவரு மூக்கு."

"தாயீ! நான் உங்க வீட்டுப் பிள்ளை. எனக்கு ஓட்டுக் கேட்க நான் வரவில்லை. உங்கள் கண்ணீரைத் துடைக்க..."

"கண்ணீர்லாம் இல்லீங்க. அடுப்புப் பொகை" என்றாள் காளியாயி. "ஒண்ணு கேக்குறேன். செஞ்சு தருவீங்கன்னா இந்த வெத்தலத் தட்டுல சத்தியமா கைய வைங்க. எங்க ஓட்டு அம்புட்டும் ஒங்களுக்கு."

"கேளுங்க தாயீ."

"தோட்டத்துத் தொரை வந்தா நாங்க குடைய மடக்கி ஓரமா நிக்கணும். மழையோ காய்ச்சலோ, மடக்கணும். போன மாசம் எங்க வீட்டுக்காரரு ஒடம்பு முடியாம குடையப் பிடிச்சபடி நின்னுட்டாரு. அரை நாள் சம்பளத்த வெட்டிட்டான். நீங்களோ குடைக்காரரு. இந்த வழக்கத்த ஒழிச்சுத் தருவீங்களா?"

கணேசமூர்த்தியின் நெஞ்சு துள்ளியது. இதைவிடச் சுலபமான கேள்வி அந்தத் தோட்டத்தில் பிறந்திருக்க முடியாது. நல்லமுத்துவும் அதைப் புரிந்துகொண்டார். தொண்டையைச் செருமி, லயம் முழுக்கக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார்.

"தாய்மார்களே! இது வெறும் குடையல்ல. உழைக்கும் மக்களின் மானம்! வெள்ளைக்காரன் வந்தாலும், அவன் பாட்டன் வந்தாலும், நல்லமுத்துவின் குடை எவனுக்கும் மடங்காது!"

காளியாயி தட்டை நீட்டினாள். நல்லமுத்துவின் கை தட்டை நோக்கி இறங்கியது.

அப்போது பாதை வளைவில் துரையின் ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது.

துரைக்கு ஹார்ன் சத்தம் ஆகாது. அவர் உள்ளே இருந்தால் டிரைவர் அதைத் தொடவே மாட்டான். ஹார்ன் அடித்தால் துரை இல்லை என்பது லயத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஒருத்தரும் அசையவில்லை. அசைந்தது ஒருத்தர்தான். கண்டிப் படிப்பு, தலவாக்கலைக் கடை, தேர்தல் நோட்டீஸ் எல்லாவற்றையும் தாண்டி, நல்லமுத்துவுக்குள் இருந்த பத்து வயசுப் பையன் விழித்துக்கொண்டான். தட்டுக்குப் போன கை பாய்ந்து கணேசமூர்த்தியிடமிருந்து குடையைப் பிடுங்கிச் சடாரென்று மடக்கியது. கால் செருப்பைத் தானாகவே கழற்றியது. உழைக்கும் மக்களின் மானத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதையோரத்து வடிகாலான கானுக்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தலையைக் குனிந்து நின்றார்.

ஜீப் கடந்து போனது. முன் ஸீட்டில் துரையின் நாய் உட்கார்ந்திருந்தது. மழை என்பதால் கிளப்பிலிருந்து அதை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார் துரை. நாய் நல்லமுத்துவை ஒரு முறை பார்த்தது. அப்புறம் வேறு பக்கம் பார்த்தது.

பிறகு உள்ளேயிருந்து மூக்கன் கேட்டான்: "யாருக்குடி மடக்குனாரு?"

"நாய்க்குங்க" என்றாள் காளியாயி.

வெடித்த சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. ராசம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லமுத்து கானிலிருந்து ஏறினார். முகம் கறுத்திருந்தது. ஆனால் அரசியலில் இருக்கிறவருக்கு ஒரு கணம்தான் தேவைப்பட்டது. மடக்கிய குடையைக் கணேசமூர்த்தியின் கையில் திணித்தார்.

"ஏண்டா மடையா! எவன்டா ஒன்னைய மடக்கச் சொன்னான்? மக்கள் முன்னால என்னைய அவமானப்படுத்துறியா?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் பார்த்த விஷயம் அது. எல்லாக் கண்ணும் இப்போது கணேசமூர்த்தியைப் பார்த்தன. அந்த லயத்தில் பிறந்து, அந்தக் கானில் விளையாடி வளர்ந்தவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்று ராத்திரி எந்தக் காம்பராவிலும் அவனுக்குச் சோறு உண்டு. நாற்காலி மட்டும் இருக்காது.

"மன்னிச்சிருங்கய்யா" என்றான் கணேசமூர்த்தி. "நான்தான் மடக்கிட்டேன். பழக்க தோஷம்."

காளியாயி அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"செருப்பையும் நீதான் கழட்டினியா ராசா?"

"ஆமா பெரியம்மா" என்றான்.

காளியாயி வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராசம்மா செம்பிலிருந்த தேத்தண்ணியைக் கானில் கொட்டினாள்.

காரில் நல்லமுத்து முன்னால் உட்கார்ந்தார். கணேசமூர்த்தி பின்னால், ஸீட் நனைந்துவிடக் கூடாதென்று விளிம்பில் குந்தியிருந்தான். கார் லிந்துலைப் பாலத்தைத் தாண்டியது.

"திங்கக்கிழமையிலருந்து கடைக்கு வந்துரு" என்றார் நல்லமுத்து, திரும்பாமலே.

கணேசமூர்த்திக்கு நம்பிக்கை வரவில்லை. "ஓட்டுத்தான் போயிருச்சுங்களேய்யா?"

"ஓட்டு எப்பவாவது வேணும். ஒன்னைய மாதிரி ஆளு தெனமும் வேணும்."

"பெரிய மனசுங்கய்யா" என்றான் கணேசமூர்த்தி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.