ஏழு சீட்டு

சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது. ஆனால் 'செட்' என்கிற ஒற்றைச் சொல் அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பேய் பிடித்தாலாவது ஓட்டிவிடலாம். இதை என்ன செய்வதென்று தையற்காரியான அவர் மனைவிக்குத் தெரியவில்லை.

அவருக்கு அகராதி ஆபீசில் வேலை. நம் ஆட்கள் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு அங்கே அகராதி தயாரிக்கிறார்கள். ஆளுக்கொரு சொல். நிஜமாகவே ஒருவர் வாயால் சொன்ன வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, பொருள், சொன்னவர், தேதி எல்லாம் போட வேண்டும். சுண்டைக்காய்ச் சொல்தானே, ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று இவர் 'செட்'டைக் கேட்டு வாங்கிவந்தார். வருஷம் ஒன்றாகிவிட்டது. மேல்வீட்டுப் பெரியவர் பல்செட்டைத் தேடினால் ஒரு சீட்டு. மருமகளோடு செட் ஆகவில்லை என்று பக்கத்து வீட்டம்மா புலம்பினால் ஒரு சீட்டு. மச்சினன் "எங்க செட்டு பசங்க" என்று வாயைத் திறந்ததுமே இவர் பேனாவைத் திறந்துவிடுவார். முன்னறை முழுக்கச் செருப்புப் பெட்டிகள். பொருளுக்கொரு பெட்டி, பெட்டி முழுக்கச் சீட்டுகள்.

இப்படி இருக்கும்போது, அவள் வேலை பார்த்த தையல்கடையின் முதலாளியம்மா மகளோடு போய் இருக்க முடிவெடுத்தார்.

"ரெண்டு மிஷினையும் நீயே வெச்சுக்கம்மா. ஆனா வெள்ளிக்கிழமை கடைச் சாவியைத் திருப்பிக் குடுக்கணும். அதுக்குள்ள எடுக்கலேன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்றார்.

பதினாறு வருஷம் அடுத்தவர் கடையில் குனிந்து தைத்தவள். சொந்த மிஷின் என்றதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிஷின் போட வீட்டில் இருந்த ஒரே இடம் முன்னறைதான்.

சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள், துணி மடிக்கும்போது சொன்னாள். "என்னங்க, முன்ரூம்ல ரெண்டு மிஷினை செட் பண்ணணும். பெட்டியெல்லாம் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அவர் முகம் மலரும். "இன்னொரு தடவை சொல்லு" என்பார். சொல்வாள். எழுதுவார். "அருமை" என்பார். அதோடு சரி. அதைச் சம்மதம் என்று முதல் நாள் அவள் நம்பியே விட்டாள், பாவம். செவிடன் காதில் சங்கு ஊதினாலும் தேவலை. இவர் சங்கின் ஓசையை எழுதி வைத்துக்கொள்கிற ரகம்.

வியாழன் காலை வரைக்கும் பொறுத்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை. அவருடைய வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து, அவர் வழக்கப்படியே எழுதினாள். சொல்: செட். பொருள்: நிறுவுதல். வாக்கியம்: முன்ரூம்ல மிஷினை செட் பண்ணணும், நாளைக்குள்ள காலி பண்ணுங்க. சொன்னவர்: மனைவி. அடியில் அவர் சீட்டுகளில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தாள். கேட்டவர்: யாருமில்லை. அன்று ஆபீசுக்குப் போகும் சீட்டுக் கட்டின் மேலேயே அதைச் செருகி வைத்தாள்.

மத்தியானம் மனுஷர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"மேலதிகாரி எல்லார் முன்னாடியும் படிச்சிட்டாரு. ஆபீசே சிரிக்குது. ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்லலையா? உங்க பெட்டியையே கேளுங்க."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. 'நிறுவுதல்' பெட்டியை இழுத்துப் போட்டுப் புரட்டினார். ஒன்று, இரண்டு என்று அவள் சொன்னது வந்துகொண்டே இருந்தது. மொத்தம் ஏழு சீட்டு. எல்லாம் அவர் கையெழுத்து, தேதியெல்லாம் கச்சிதம். நாலாவது சீட்டின் ஓரத்தில் 'குரலை உயர்த்திச் சொன்னார்' என்று குறிப்பு இருந்தது. ஏழாவதில், 'சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.'

அந்தச் சீட்டை அவர் கீழே வைக்கவே இல்லை. அவமானத்தில் காதுமடல் சிவந்துவிட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"நின்னது போதும், தூக்குங்க. கட்டிலுக்கு அடியில இடம் இருக்கு."

சாயங்காலத்துக்குள் முன்னறை காலியானது. சன்னலோரம் ஒரு மிஷின், சுவரோரம் ஒன்று என்று அவள் கை காட்ட, அவர் அந்தந்த இடத்தைப் பெருக்கினார். பெருக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"வேற என்னெல்லாம்மா சொன்ன, இந்த ஒரு வருஷத்துல?"

"அது நிறைய இருக்கு."

அவர் துடைப்பத்தை வைத்துவிட்டு, வெறுந்தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லு."