துப்புரவான போன்

பயணத்துக்குப் பதினொரு நாள் இருக்கையில் நிறோஜன் கனடாவிலிருந்து கடைசிக் கட்டளையைப் போட்டான். எந்தச் செருப்போடு வருவது, கருவாட்டை எத்தனை பைக்குள் சுற்றுவது என்பதெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்தாயிற்று. இனிப் போன்தான் மிச்சம்.

“அம்மா, போனைத் துப்புரவாக்கிப்போட்டு வாங்கோ.”

“நேற்றும் துடைச்சனான் தம்பி,” என்றாள் கிறேஸ்.

“வெளியில இல்லையம்மா, உள்ளுக்க.” அவன் சிரித்தான். பிறகு விளக்கினான். நாடு விட்டு நாடு போகும்போது அதிகாரிகள் போனை வாங்கிப் பார்க்கக்கூடும். பூட்டைத் திறக்கச் சொல்லவும் கூடும். அவனுடைய கூட்டாளி ஒருவனின் தாய் ஏதோ ஒரு விமான நிலையத்தில் நாலு மணித்தியாலம் ஓர் அறைக்குள் இருக்க வேண்டி வந்ததாம். ‘நீங்கள் வந்து பிள்ளையைப் பாருங்கோ, நான் வேலைக்குப் போறன்’ என்று மகள் அனுப்பிய ஒரு வரி அவளுடைய போனில் கிடந்திருக்கிறது. சுற்றிப் பார்க்க வரவில்லை, வேலைக்கு வந்திருக்கிறாய் என்று பிடித்துக்கொண்டார்கள்.

“பேரனைத் தூக்கிறது வேலையோ?”

“அவையளுக்கு அது வேலைதான். மன்னார் ரவுனில ஒரு போன் கடையில குடுங்கோ. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரித் தருவினம். உங்கட போனுக்குள்ள என்ன இருக்கப்போகுது? பூசைப் படமும் காலை வணக்கமும்தானே.”

“ஓம்,” என்றாள்.

அழைப்பு முடிந்த பிறகும் அந்த ‘ஓம்’ வெளியே போக வழி தெரியாத குருவியைப் போல வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கிறேசுக்கு ஐம்பத்துமூன்று வயது. கணவர் லோறன்ஸ் இறந்து ஆறு வருடமாகிறது. பேசாலையில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் தனியே இருந்தாள். காலையில் நண்டுக் கொம்பனிக்குப் போய், அவித்த நண்டின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பாள். இரண்டு மணிக்கு வீடு. அதற்குப் பிறகு நேரம், வற்றுக்கடலில் தேங்கிய தண்ணீர் போல, எங்கும் போகாமல் கிடக்கும்.

கொம்பனியில் போன் பொதுச் சொத்து. சாப்பாட்டு நேரத்தில் யாருடைய போனிலும் யாரும் படம் பார்ப்பார்கள். கிறேஸ் மட்டும் தன்னுடையதைச் சட்டைக்குள் செருகி வைத்திருப்பாள். “அதைத் தொடாதையுங்கோ,” என்பாள் பக்கத்து மேசை அன்னப்பிள்ளை. “கனடாக்காரியின்ர போன். தொட்டால் இங்கிலீசில ஏசும்.” எல்லோரும் சிரிப்பார்கள். கிறேசும் சிரிப்பாள். போனை மட்டும் எடுக்க மாட்டாள்.

அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு குரல் பதிவுகள் இருந்தன. எல்லாம் ‘அரிசி முருங்கன்’ என்று அவள் எழுதி வைத்திருந்த ஓர் எண்ணிலிருந்து வந்தவை.

இரண்டு வருடத்துக்கு முன், கொம்பனிப் பெண்கள் ஐந்து பேருக்காக மூட்டை அரிசி வாங்க முருங்கனில் உள்ள ஓர் ஆலைக்குப் போயிருந்தாள். பெரியமடுவில் வயல் செய்யும் சிவராசா என்பவர் தன் நெல்லைக் குற்றக் கொண்டு வந்திருந்தார். மனைவியை இழந்தவர். அரிசி ஆனதும் அறிவிக்கிறேன் என்று அவளுடைய எண்ணை வாங்கினார். எழுத்துத் தட்ட அவருக்குச் சலிப்பு, குரலாகவே அனுப்பினார். “அரிசி குத்தியாச்சு. கல்லு இல்லை. வரலாம்.” ஒரு கிழமை கழித்து இன்னொன்று வந்தது. “சோறு எப்பிடி?” அதற்கு அவள் பதில் சொன்னாள். அவ்வளவுதான் தொடக்கம்.

கோயில் வளவில் ஒலிபெருக்கியில் போட்டாலும் வெட்கப்பட ஒன்றுமில்லாத பேச்சுக்கள். யானை வந்து வரம்பை உழக்கிய கதை. குளத்தில் தண்ணீர் எத்தனை அடி. தானே சமைத்த பாவற்காய் தனக்கே கசந்த கதை. குரலுக்குப் பின்னால் மயில் அகவும், உழவு இயந்திரம் இரைந்துகொண்டு போகும். இறந்தோர் நினைவு நாளன்று ஒரு தரம் கேட்டிருந்தார்: “இண்டைக்குக் கல்லறைக்குப் போயிருப்பியள். மெழுகுதிரி காத்துக்கு நிண்டு எரிஞ்சதோ?” வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. நின்று எரிந்ததென்று கிறேஸ் பொய் சொன்னாள். பிறகு மனம் கேளாமல், மூன்று தரம் அணைந்தது என்று இன்னொரு பதிவு அனுப்பினாள்.

இதை மகனிடம் எப்படிச் சொல்வது? ‘ஆர் அவர்?’ என்று கேட்டால் விடையாக ஓர் உறவுப் பெயர் வேண்டும். அவளிடம் அப்படி ஒரு பெயர் இல்லை.

நௌபரின் போன் கடை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. வாசலில் படுத்திருந்த கழுதையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். நௌபருக்கு முப்பது வயதிருக்கும். போனை வாங்கிப் பார்த்தவன் தலை நிமிராமல் கேட்டான்.

“அன்ரி, நீங்க இந்தியாவுக்கு எத்தினை தரம் போய் வந்தனீங்க?”

“நான் எங்க போனன்? கொழும்பே மூண்டு தரம்தான் கண்டனான்.”

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ‘இந்தியா உங்களை வரவேற்கிறது’ என்று ஆங்கிலத்தில் வரிசையாக நாற்பதுக்கு மேற்பட்ட செய்திகள். தலைமன்னாரில் தங்கை யசிந்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், கடலுக்கு அந்தப் பக்கத்து அலைவரிசை வந்து போனைப் பிடித்திருக்கிறது.

“நீங்க கரையில நிண்டிருக்கிறீங்க. போன் மட்டும் கள்ளமாப் போய் வந்திருக்கு,” என்றான் நௌபர். “வேற நாடு போகேல்லை எண்டு படிவத்தில எழுதியிருப்பீங்க. இதைக் கண்டா அவனுக்கு என்ன விளங்கும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவனுடைய அடுத்த கேள்வி சிரிப்பை நிறுத்தியது.

“இதில கிடக்கிற ஈமெயில் ஆரின்ர?”

“மகன்ர. போன் வாங்கித் தரேக்க அவர்தான் போட்டுத் தந்தவர்.”

“எல்லாத் தாய்மாரும் இப்பிடித்தான் வாறீங்க. நீங்க எடுக்கிற படம், உங்களுக்கு வாற படம் எல்லாம் மகன்ர போனுக்கும் போகுது அன்ரி.”

கிறேசுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாரியில் சிவராசா பச்சை வயலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மறுநாள் நிறோஜன், “அது ஆரின்ர வயலம்மா?” என்று கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தாள். தாயின் மனதுக்குள் பிள்ளை எட்டிப் பார்க்கிறான் என்றுதான் அன்று நினைத்திருந்தாள்.

“குரல்?” என்று மெல்லக் கேட்டாள்.

“குரல் போகேல்லை.” நௌபர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, பார்த்ததற்காக மன்னிப்புக் கேட்பவனைப் போல மேசையிலிருந்த திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினான். “முழுக்க அழிக்க ரெண்டு நிமிசம் போதும். அதை விட நல்ல வழி ஒண்டு இருக்கு. பழைய போன் ஒண்டு தாறன். மகன்ர நம்பர், டிக்கெட், அவ்வளவையும் மட்டும் வைச்சுக்கொண்டு போங்க. இதை நம்பிக்கையான ஆளிட்டக் குடுத்திட்டுப் போங்க. வராத போனை ஒருத்தரும் பாக்க ஏலாது.”

நல்ல யோசனைதான். பேசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து நம்பிக்கையான ஆட்களை எண்ணினாள். அன்னப்பிள்ளையிடம் கொடுத்தால் அன்று பின்னேரமே கொம்பனி முழுவதும் கேட்டுவிடும். யசிந்தாவின் பிள்ளைகள் எந்தப் பூட்டையும் திறக்கக் கூடியவர்கள். பங்குச் சாமியார் வாங்கி வைப்பார். ஆனால் என்ன இருக்கிறதென்று கேட்பார். அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு வீட்டைப் பார்க்க வரும் மச்சாளுக்கு அலுமாரித் திறப்பையும் கொடுத்தாக வேண்டும். பஸ் பேசாலைக்கு வந்து சேர்வதற்குள் எண்ணி முடிந்துவிட்டது. ஐம்பத்துமூன்று வருடம் இந்தத் தீவில் வாழ்ந்தவளுக்கு ஒரு போனைக் கொடுத்து வைக்க ஓர் ஆள் இல்லை.

ஒருவர் மட்டும் மிச்சமிருந்தார்.

சனிக்கிழமை முருங்கனுக்குப் போனாள். சிவராசா ஆலை வளவில் வேப்பமர நிழலில் நின்றார். குரல்கள் இரண்டும் எவ்வளவோ பழகியிருந்தன. ஆட்கள் இருவரும் அந்நியராகவே நின்றார்கள். அவர் இவ்வளவு மெலிந்தவர் என்பதை அவள் மறந்திருந்தாள்.

“வெயிலுக்க வந்திருக்கிறியள். சோடா ஒண்டு குடியுங்கோ.”

அவள் குடித்து முடித்தாள். பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போனை நீட்டினாள். “ஆறு மாசத்துக்கு இதை வைச்சிருக்கிறியளோ?”

அவர் கை நீளவில்லை. “மகள் சிவதர்சினிக்கு என்ர சட்டைப் பைக்குள்ள என்ன கிடக்கெண்டும் தெரியும். ஆரின்ர போனப்பா எண்டு மகள் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

“அதுவும் சரிதான்.” அவள் போனைத் திரும்பச் சட்டைக்குள் வைத்தாள். “அப்ப நான் இதை அழிச்சுப்போட்டே போறன். உங்கட போனில ரெண்டு பேற்ற குரலும் கிடக்குத்தானே. அது காணும்.”

ஆலைக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உமித்தூசி வெயிலில் மிதந்து வந்து அவருடைய தோளில் படிந்தது. அவர் அதைத் தட்டவில்லை.

“நான் கேட்ட கையோட அழிச்சுப்போடுவன்,” என்றார். “முதல் நாளில இருந்தே அப்பிடித்தான். பிள்ளை எடுத்துப் பாப்பாள் எண்டு. ரெண்டு தரம் கேப்பன். பிறகு அழிப்பன்.”

“ரெண்டு தரமோ?”

“நீளமானதெண்டால் மூண்டு.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. மகன் இன்று சொல்வதை இந்த மனிதர் இரண்டு வருடமாகச் செய்து வந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படியென்றால் அவர்கள் இருவரும் பேசியது முழுவதும் இருக்கும் இடம் உலகத்தில் இந்தப் போன் ஒன்றுதான். இதை அழித்தால், அந்த இரண்டு வருடம் நடந்தது என்பதற்கே ஒரு சாட்சி இராது.

திரும்பும் வழியில் பஸ், கடலுக்குக் குறுக்கே தீவுக்குப் போகும் தாம்போதியில் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. போன் அதிர்ந்தது. “பஸ் கிடைச்சதோ?” அவள் “கிடைச்சது” என்று ஒரே சொல்லை அனுப்பினாள். ஒரு சொல்லை அவர் எத்தனை தரம் கேட்பார் என்று யோசித்துக்கொண்டே மன்னாரில் இறங்கினாள்.

“இதைக் கொண்டுதான் போகப்போறன். ஒண்டும் அழிக்க வேண்டாம்,” என்றாள் நௌபரிடம்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. மகனின் ஈமெயிலை எடுத்துவிட்டு அவளுடைய பெயரில் ஒன்று போட்டான். இந்தியா வரவேற்ற செய்திகளையும் விட்டுவைத்தான். கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொன்னான். “பொய் மட்டும் சொல்லாதீங்க அன்ரி. வரிசைக்குப் போக முந்திப் போனை நிப்பாட்டிப்போடுங்க. விரலால திறக்கிறதை எடுத்துவிடுறன். திறக்கிற நம்பர் உங்கட தலைக்குள்ள மட்டும் இருக்கட்டும்.” புது எண்ணை அவள் போடும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மிச்ச நாட்களில், கொம்பனி விட்டு வந்த பின்னேரங்களில், அவள் பதில்களைப் பாடமாக்கினாள். மொழிபெயர்க்க ஓர் ஆளை வைப்பார்கள். இவர் யார் என்பார்கள். அரிசி தந்தவர். இவ்வளவு பேச என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, மழை, கடல், கறி. அப்படியென்றால் ஏன் வைத்திருக்கிறாய்? அந்தக் கேள்விக்கு அவள் நாளுக்கொரு விடை வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் விடை நீண்டுகொண்டு போனது. பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் தனக்குப் பயம் போய்விட்டதைக் கண்டாள். அவள் பயந்துகொண்டிருக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். பேசாலையில் யாரும் கேட்கப் போவதில்லை. மன்னார் எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஒருவர், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, கேட்க வேண்டிய கடமைக்காகவேனும் கேட்பார்.

கனடா விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது ஓர் இளம் பெண். எத்தனை நாள், யாரிடம் வருகிறீர்கள், பைக்குள் சாப்பாடு உண்டா என்று கேட்டாள். கருவாடு, என்றாள் கிறேஸ். அந்தப் பெண் ஒரு தாளில் எதையோ குறித்தாள். முத்திரை குத்தினாள். கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தாள்.

கிறேஸ் நகரவில்லை.

வேறு ஏதாவது உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். கிறேஸ் இல்லையென்று தலையாட்டினாள். பின்னால் நின்றவர் முன்னுக்கு வந்தார்.

வெளியே நிறோஜன் ஓடி வந்து கட்டிப்பிடித்தான். கொஞ்சம் பருத்திருந்தான். காரில் மருமகள் சுவேதினிக்கும் பிள்ளைக்கும் பக்கத்தில் இருந்தாள். பேரனின் விரல் அவளுடைய விரலைச் சுற்றியிருந்தது. முன் ஆசனத்திலிருந்து நிறோஜன் உள்ளங்கையைப் பின்னால் நீட்டினான்.

“போனைத் தாங்கோ அம்மா. இஞ்சத்தைச் சிம் போட்டுத் தாறன். எல்லாம் அழிச்சவங்கள்தானே?”

“சிம்மைத் தா. நானே போடுறன்.”

“உங்களுக்கு ஏலாதம்மா.”

“படிச்சிட்டன்.”

நீட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. காரின் பின்பார்க்கும் கண்ணாடியில் அவனுடைய கண்கள் அவளைத் தேடின. “அப்பிடி என்னம்மா கிடக்கு அதுக்குள்ள?” என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் சிரிப்பின் ஓரத்தில் ஒரு நோவு இருந்தது.

அத்தனை நாளும் பாடமாக்கிய விடை நாக்கு நுனிக்கு வந்தது. அதன் முதற் சொல் எதுவென்று தேடுவதற்குள், “என்ர போன் தம்பி,” என்று வேறொன்று முந்திக்கொண்டது.

நிறோஜன் கையை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினான். சுவேதினி பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரே மாதிரியான வீடுகள் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. கிறேஸ் கண்ணாடியில் தெரிந்த அவனுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை வீதியில் இருந்தன. இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.