சாட்சிக்கு ஆகாதவர்

அப்பா புதுக் கண்ணாடி வேண்டும் என்று கேட்ட அன்றுதான் பெரியவளுக்கு முதல் சந்தேகம் வந்தது.

கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்து எழுதித் தருவது அவள் வேலை. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார்; செய்தித்தாளைக்கூட வானொலியில் யாராவது படித்துச் சொன்னால் போதும் அவருக்கு.

"என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"சின்ன எழுத்து."

"என்ன சின்ன எழுத்து?"

"சின்னதா இருக்கிற எழுத்து. கண்ணாடி குடுக்கிறியா, இல்ல வேற கடை பார்க்கவா?"

கண்ணாடி கொடுத்தாள். அதோடு கண்ணையும் அவர்மேல் வைத்துக்கொண்டாள்.

தம்பி சனிக்கிழமை தவறாமல் வரத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். முன்பெல்லாம் நாலு தடவை போன் பண்ணினால் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறவன். இப்போது, அவள் கடைக்குக் கிளம்பிய பிறகு வந்து, அவள் திரும்புவதற்குள் போய்விடுகிறான். ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரம் வந்தபோது அப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே வானொலி அலறியது. கதவைத் தட்டியதும் வானொலி நின்றது, பேச்சும் நின்றது. தம்பி ஜன்னலோரம் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா அளக்கிற?"

"ஜன்னல்தான் அக்கா. அப்பாவுக்கு வெயில் அடிக்குதாம். திரை போடலாம்னு."

அந்த ஜன்னலில் வெயில் அடித்து அவள் பார்த்ததில்லை. எதிர்க்கட்டடம் மறைத்துக்கொண்டிருந்தது.

அப்பாவின் உயிலில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா இறந்த வருஷம் அப்பா எழுதியது. அப்பாவுக்குப் பிறகு வீட்டை விற்று, அக்காவும் தம்பியும் ஆளுக்குப் பாதி. அப்போது பெரியவள் தனிக் குடித்தனம் இருந்தாள். பிறகு அப்பாவின் முழங்கால் மடங்க மறுத்து, அதைத் தொடர்ந்து இதயமும் மக்கர் செய்ய, அவளும் கணவனும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு அவளுக்கென்று இருக்கும் கூரை இது ஒன்றுதான். அந்த உயிலில் கை வைக்கிறார்கள் என்றால் கூரையில் கை வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

"சின்ன மாத்தம்தான்," என்றார் அப்பா, வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்த அன்று. இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது அவருக்கு. "பழைய உயில் அப்படியே இருக்கும். அதோட ஒரு பேப்பர் சேரும். அவ்வளவுதான்."

"என்ன மாத்தம்?"

"இருக்கிற லிஃப்ட்ல ஒரு ஸ்க்ரூவ மாத்தறதுக்கு, ஏறி இறங்கறவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டா மாத்துவாங்க?"

"தம்பிக்கு மட்டும் தெரியுமா?"

"அவனுக்கும் தெரியாது. ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனான், கூட்டிட்டு வந்தான். வெளியிலதான் உட்கார்ந்திருந்தான்."

அவள் நம்பவில்லை. திரைக்கு ஜன்னலை அளந்தவன் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பானா?

இதய வால்வு அறுவைக்காக அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தைய நாள் கையெழுத்து என்று முடிவானது. வக்கீலம்மாவின் குமாஸ்தா வீட்டுக்கே பேப்பரோடு வருவார். இரண்டு சாட்சிகள் வேண்டும். முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் ஒருத்தி. கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் கடிகாரக்காரர் இன்னொருவர்.

"ஏன், வீட்டுல ஆம்பளை இல்லையா?" என்று கேட்டாள் பெரியவள். "இவர் போடட்டுமே."

"மாப்பிள்ளை எதுக்கு? வெளி ஆளே இருக்கட்டும்."

வெளி ஆளே இருக்கட்டும் என்றாரே, அது அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. மருமகன் கண்ணில் படக்கூடாத எதுவோ அந்தப் பேப்பரில் இருக்கிறது. அதற்குமேல் யோசிக்க அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கையெழுத்து நாள் காலை பால் வாங்கப் போகிற சாக்கில் கீழே இறங்கினாள். கடிகாரக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இன்னைக்கு அந்தக் கையெழுத்து இல்லையாம். நாளைக்குத் தள்ளிப் போட்டுட்டாங்க."

"நாளைக்கு ஆஸ்பத்திரின்னாரே அப்பா?"

"போறதுக்கு முன்னாடியாம். நீங்க வேலையப் பாருங்க."

"அப்ப நான் மக வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்," என்று தூக்கிய ஷட்டரை அவர் திரும்ப இறக்கினார்.

மேலே வந்து கணவனைச் சமையலறைக்கு இழுத்தாள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். எங்கே உட்கார்ந்தாலும், யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"ஒரு சாட்சி வரமாட்டார். ஆள் குறையும். உடனே நீங்க 'நான் போடறேன்'னு எழுந்திருங்க. போடற சாக்குல மேல என்ன எழுதியிருக்குன்னு ரெண்டு வரி படிச்சுட்டு வாங்க."

"ஏன் வரமாட்டார்?"

"வரமாட்டார்னா வரமாட்டார்."

அவர் கால் தரையை அழுத்தியது.

குமாஸ்தா சொன்ன நேரத்துக்கு வந்தார். வழுக்கைத் தலையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உறையைப் பிரித்தார். பேப்பரை வெளியே எடுத்ததும் அதன்மேல் ஒரு வெற்றுத் தாளை வைத்து, கையெழுத்து போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்தார். பெரியவளின் இரண்டு வரி படிக்கும் திட்டம் அந்த ஒரு தாளில் படுத்துவிட்டது.

அப்பா புதுக் கண்ணாடியோடு மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பிசியோ பெண் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு அடிக்கடி போனைப் பார்த்தாள். தம்பி சுவரோரம் சாய்ந்து நின்றான். அவன் முகத்தில் ஒரு நிதானம் இருந்தது. எல்லாம் பேசி முடித்தவனின் நிதானம் என்று பெரியவள் நினைத்தாள்.

"இன்னொரு சாட்சி?" என்றார் குமாஸ்தா.

"கடிகாரக்காரர் வரணும்," என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பெரியவள் கணவனைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். அவள் இன்னும் அழுத்திப் பார்த்தாள்.

"நான் வேணா போடறேனே," என்று எழுந்தார் அவர்.

குமாஸ்தா பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சாருக்கு நீங்க என்ன வேணும்?"

"மருமகன். இவங்க வீட்டுக்காரர்," என்று மனைவியைக் காட்டினார்.

"அப்ப நீங்க வேண்டாம் சார்."

"ஏன், என் கையெழுத்து நல்லாத்தானே இருக்கும்?"

"கையெழுத்துக்கு ஒரு குறையும் இல்ல. சட்டம் அப்படி. இந்தப் பேப்பர்ல யாருக்கு ஏதாவது கிடைக்குதோ, அவங்க சாட்சி போடக்கூடாது. அவங்க வீட்டுக்காரர், வீட்டுக்காரியும் போடக்கூடாது. போட்டா பேப்பர் நிக்கும், ஆனா அவங்களுக்குக் கிடைக்க வேண்டியது போயிடும். அதனாலதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது அவர் காது மடலில் சிவப்பாகத் தெரிந்தது.

பெரியவளுக்குப் புரிந்தது. கணவர் போடக்கூடாது என்றால் இந்தப் பேப்பரில் அவள் இருக்கிறாள்.

முதலில் வாய் திறந்தவன் தம்பி. "நான் போடலாமா?"

குமாஸ்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேக்கிறேன்ல. நான் போடலாமா, கூடாதா?"

"நீங்க..." குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "சட்டப்படி போடலாம்."

"ஓஹோ." தம்பி சுவரை விட்டு நிமிர்ந்தான். "அப்ப எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. வாரா வாரம் ஆட்டோவுக்கு ஓடி, மழையில நனைஞ்சு, ஆபீஸ் வாசல்ல காஞ்சு கிடந்தது நான். பேப்பர்ல பேர் மட்டும் அக்காவுக்கு."

"சின்னவனே, உன் பாதி பழைய உயில்ல அப்படியேதான்டா இருக்கு," என்றார் அப்பா.

"அக்கா இங்கேயே இருந்துக்கலாம்னு எழுதியிருந்தா, எப்ப கிடைக்கும் அந்தப் பாதி? அதைச் சொல்லுங்க."

அப்பா கையிலிருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"நான் போடல. வேற ஆளைப் பாருங்க." அவன் அக்கா பக்கம் திரும்பினான். இத்தனை நாள் அவள் அவனைப் பார்த்த அதே பார்வை இப்போது அவன் கண்ணில் இருந்தது. "நல்லா கவனிச்சுக்கிட்ட அக்கா அப்பாவ. இப்பதான் புரியுது எதுக்குன்னு."

"வாய அடக்குடா," என்றாள்.

"எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகணும்," என்றாள் பிசியோ பெண், யாரையும் பார்க்காமல்.

"கடிகாரக்காரர் கடையிலதான் இருப்பார்," என்றார் அப்பா. "யாராவது போய்க் கூப்பிடுங்க."

மருமகன் கீழே போய்த் திரும்பி வந்தார். கடை பூட்டியிருக்கிறது என்றார். சொல்லும்போது மனைவியைப் பார்க்கவில்லை. அப்பாவே போன் போட்டார். பிசியோ பெண் அடுத்த வீட்டுக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தா வெற்றுத் தாளின் ஓரத்தைத் திரும்பத் திரும்பச் சரி செய்தார். பெரியவள் வாசற்கதவையே பார்த்தபடி நின்றாள். அந்தக் கதவு திறக்க வேண்டும் என்றும் இருந்தது, திறக்கக்கூடாது என்றும் இருந்தது.

கடிகாரக்காரர் மூச்சு வாங்க வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"என்னங்க இது? நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னைக்கே கூப்பிடறீங்க. பஸ்ஸ விட்டு இறங்கி ஓடி வரேன்."

"யார் நாளைக்குன்னு சொன்னது?"

"உங்க பொண்ணுதான். காலையில பால் வாங்க வந்தப்ப."

அப்பா மெல்லத் தலையைத் திருப்பினார். "அப்படியாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

"ஏன்?"

"என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியணும்னு தோணிச்சு. நீங்களும் இவனும் கதவச் சாத்திக்கிட்டு..."

"திரைக்குத்தான் அளந்தேன்னு சொன்னேன்ல?" என்று சீறினான் தம்பி. "அந்த எதிர்வீட்டுக்காரன் ராத்திரி விளக்கப் போட்டா அப்பாவுக்குத் தூக்கம் வரல. அதச் சொன்னா நீ வருத்தப்படுவன்னு வெயில்னு சொல்லச் சொன்னார்."

அப்பா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வெற்றுத் தாளை அவரே ஒதுக்கி, பேப்பரைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதுல ஒண்ண அடிச்சு மாத்தலாமா?"

"மாத்தலாம் சார். அடிச்ச இடத்துல நீங்களும் ரெண்டு சாட்சியும் சின்னதா கையெழுத்து வைக்கணும்."

அப்பா பேனாவை வாங்கினார். ஒரு வரியின் நடுவில் கோடு நிதானமாகப் போனது. எந்த வரி என்று தெரியாமல் பெரியவள் அந்தப் பேனாவின் முனையையே பார்த்தாள். இந்த வீட்டின் கூரை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா?

"எனக்கப்புறம் உயில்ல சொன்னதையெல்லாம் நடத்தி வைக்க என் சிநேகிதன் பேரைப் போட்டிருந்தேன்," என்றார் அப்பா, பொதுவாக, எல்லோருக்கும். "அவன் போய்ச் சேர்ந்துட்டான். அவன் இடத்துல பெரியவ பேர எழுதச் சொல்லியிருந்தேன். அது வேண்டாம். வக்கீலம்மா பேரையே எழுதிக்குங்க."

குமாஸ்தா எழுதினார். தம்பியின் தோள் தளர்ந்தது. "இதுக்குத்தானா? இந்த ஒரு பேருக்குத்தான் அத்தான் சாட்சி போடக்கூடாதுன்னீங்களா?" அவன் குரலில் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் மருமகன் கேட்டார். கை கட்டி, பாடம் கேட்கிறவர் மாதிரி:

"அந்த வரிய அடிச்சாச்சே. இப்ப நான் சாட்சி போடலாமா?"

குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "முடியாது சார். இப்பவும் முடியாது."

அந்த வரி போன பிறகும் அக்காவுக்கு ஏதோ அந்தப் பேப்பரில் மிச்சம் இருக்கிறது. தம்பி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அப்பா கையெழுத்துப் போட்டார். பிசியோ பெண் போட்டாள். கடிகாரக்காரர் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதி, கோடு அடித்த இடத்திலும் போட்டார். குமாஸ்தா உறையை ஒட்டிக்கொண்டு கிளம்பினார். தம்பி காபியைக்கூடத் தொடாமல் போனான்.

சமையலறையில் கணவனிடம் கேட்டாள்: "தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"எத?"

அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணைச் சோதிக்கும்போது எழுத்து தெரியாமல் ஊகித்துச் சொல்கிறவர்களை அவளால் கண்டுபிடித்துவிட முடியும். இவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிப் பையில் அப்பாவின் துணிகளை அடுக்கி, கண்ணாடிக் கூட்டையும் வைத்தாள். அவர் அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"படிக்க வேண்டியத படிச்சாச்சு."

"அப்பா, நான் செஞ்சது..."

"என்கிட்ட வேண்டாம். கீழ போ. அவர் பாவம், பாதி வழியில பஸ்ஸ விட்டு இறங்கி வந்திருக்கார். ராத்திரி கொஞ்ச நேரம் வந்து பேசிட்டுப் போகச் சொல்லு. நாளைக்கு எப்படி இருக்குமோ."

கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள். "சரிம்மா," என்றார். பிறகு அப்பா கூப்பிட்டதைச் சொன்னாள்.

அவர் லென்ஸைக் கழற்றினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து, ஷட்டரைப் பாதி இறக்கி, செருப்பை மாட்டினார்.

"நிஜமாத்தாங்கய்யா கூப்பிட்டார்," என்றாள்.

"இருக்கட்டும்மா. நான் அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்," என்று படியேறினார்.