சுண்டுவிரல் குறைந்த வெளிச்சம்

அந்த ஊரில் ஒருவர் மேல் இன்னொருவர் பொறாமைப்பட்டால், பொறாமைக்கு ஆளானவருடைய காரின் ஹெட்லைட்டுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். ஊருக்குக் கார்கள் வந்த நாளிலிருந்தே இப்படித்தான். முதலில் கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்று பட்டதுபோல் வெளுக்கும், பிறகு முத்து முத்தாகத் துளி கட்டும், பொறாமை ஆறாமல் கிடந்தால் அடியில் தண்ணீரே தேங்கிவிடும். பல் டாக்டர் மூன்று மாடி வீடு கட்டிய வருஷம் அவருடைய இரண்டு விளக்கிலும் பாதி வரை தண்ணீர் நின்றது. வலது விளக்கில் ஒரு தவளை குடித்தனம் நடத்தியது. அதை எடுக்க அவர் விடவில்லை, சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று இரண்டடி முன்னால் தள்ளியே நிறுத்துவார். அதே தெருவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் புதுக் கார் வாங்கி, காலையும் மாலையும் குனிந்து குனிந்து பார்த்தும் இரண்டு மாதத்தில் ஒரு துளிகூடச் சேராததால் படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் மனைவி தன் தங்கையைக் கூப்பிட்டு, காரின் பெருமையை மூன்று மணி நேரம் நிறுத்தாமல் சொல்லி, எப்படியோ ஒரு சொட்டு வரவழைத்த பிறகுதான் மனிதர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

யாருடைய பொறாமை என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. பொறாமைப்பட்டவர் அந்த விளக்கின் மேல் வெறுங்கையை வைத்தால், கை பட்ட இடத்தில் மட்டும் உள்ளே இருக்கும் ஈரம் விலகி, ஐந்து விரலும் பதிந்த மாதிரி தெளிந்துவிடும். மறுநாள் காலை வரை அந்த அச்சு அப்படியே நிற்கும். வேறு யார் கை வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் ஊர்க்காரர்கள் நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பணிவு என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். "விளக்குல கை வை பாக்கலாம்" என்பது அங்கே கெட்ட வார்த்தைக்குச் சமம். அதைச் சொன்னதால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் தெருவுக்கு இரண்டாவது தேறும்.

இந்த ஈரத்தைக் காய வைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவரை விளக்குக்காரர் என்று கூப்பிட்டார்கள். பேக்கரிக்குப் பக்கத்தில் பட்டறை. பேக்கரி கழித்துப்போட்ட அடுப்பை வாங்கி வைத்திருந்தார். விளக்கைக் கழற்றி அதற்குள் இளஞ்சூட்டில் வைத்தால் ஓரத்துப் பசை இளகும், கண்ணாடியைத் தனியாகப் பிரித்து, பருத்தித் துணியால் ஒற்றி, மனைவியின் ஹேர் டிரையரால் காய வைத்து, புதுப் பசை வைத்து மூடிவிடுவார். வருகிறவர்களில் பாதிப் பேர் காதோரம் வந்து, "முழுசாக் காய வைக்காதீங்க, ஓரமா கொஞ்சம் இருக்கட்டும்" என்பார்கள். அவரும் சிரிக்காமல் தலையாட்டி, மேல் மூலையில் நாலு துளி விட்டுவைப்பார். வேலை செய்யும்போது எந்நேரமும் கையுறை போட்டிருப்பார். அடுத்தவர் விளக்கை வெறுங்கையால் தொடாத நாகரிகம் அது. அந்தக் கையுறையின் வலது சுண்டுவிரல் பாதிக்கு மேல் காலியாக மடிந்து கிடக்கும், சின்ன வயதில் கார் பானெட் விழுந்து விரல் பாதி போயிருந்தது.

பட்டறை வாசலில் அவருடைய பழைய வெள்ளைக் கார் நிற்கும். கடை திறந்த அன்று, பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று, புது ஷூ பெட்டிக்குள் இருக்குமே ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொட்டலம், அதில் பன்னிரண்டை ஒவ்வொரு விளக்குக்குள்ளும் பல்புக்குப் பின்னால் ஒளித்து வைத்து மூடினார். அப்புறம் வேலை மும்முரத்தில் அதை அடியோடு மறந்துபோனார். வருஷங்கள் போயின, அந்த விளக்குகள் கழுவிய கண்ணாடி டம்ளர் மாதிரியே இருந்தன. வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்து, என்ன கைத்திறமை என்றார்கள். அவருக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்றது. தன்னைப் பார்த்து வயிறெரிய இத்தனை பெரிய ஊரில் ஒரு ஆள்கூட இல்லையே என்று நினைத்துக்கொள்வார். இதைச் சொல்லி ஆறுதல் தேடவும் முடியாது, யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அவருக்கு ஒரே மகள், ஒரே தம்பி. தம்பி டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் விளக்குக்காரர்தான் முதலில் கார் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் நடந்தது அந்தப் பாடம். கிளட்ச் பற்றி மூன்று முறை கத்தினார். மூன்றாவது கத்தலில் மகள் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் சித்தப்பாவிடம் போனாள். அங்கே அவள் சுவரில் போய் முட்டியபோது தம்பி, "பரவால்லம்மா, செவுரும் கத்துக்கணும்ல" என்று சொல்லிச் சிரித்தாராம். பத்தே நாளில் நன்றாக ஓட்டிக்கொண்டு வந்தாள். அன்று சாப்பிடும்போது பேச்சுக்குப் பேச்சு சித்தப்பா. சித்தப்பா இப்படிச் சொன்னார், சித்தப்பா அப்படித் திருப்பினார். விளக்குக்காரர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை தம்பி கார் பட்டறைக்கு வந்தது, இடது விளக்கில் நீர் கோத்திருந்தது.

அவர் காய வைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி வந்தது. மகள் படிப்பை முடித்துவிட்டு, வேறு வேலை எதுவும் வேண்டாம், சித்தப்பா ஸ்கூலிலேயே கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன வாரம் மூன்று முறை வந்தது. ஒரு மதியம் பட்டறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து விளக்குக்காரர் கையுறையைக் கழற்றி அந்த இடது விளக்கில் கை வைத்துப் பார்த்தார். நாலரை விரல், பளிச்சென்று பதிந்தது. மறுநாள் வரை அழியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காய வைத்தாலும் இரவே மறுபடி நீர் கோத்து அச்சைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்து, விளக்கைப் பிரித்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்து, அச்சு மறையும்வரை ஆவி பிடிக்க வைத்தார். வாழ்நாளெல்லாம் ஈரத்தைக் காய வைத்த மனிதர், திருட்டுத்தனமாக ஈரம் ஏற்றியது அந்த ஒரு நாள்தான்.

ஊர் வேறு கணக்குப் போட்டது. இது எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்காரர் வேலை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பேச்சு வளர்ந்து ஒரு நாள் அந்த மனிதர் கோபத்தோடு வந்து, நாலு பேர் முன்னால் தம்பியின் விளக்கில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். ஒரு ரேகைகூட விழவில்லை. நிரபராதி என்று ஆன பிறகு, தொழிலில் போட்டியாளன் மேல் துளி பொறாமைகூடவா இல்லை, அவ்வளவு மந்தமா நீ என்று மனைவி கேட்டதில் அவர் ஒரு மாதம் கடை திறக்கவில்லை. விளக்குக்காரருக்கு அன்றிலிருந்து தூக்கம் குறைந்தது. சந்தேகப்பட மிச்சம் இருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், குறைந்த கையிலும் எண்ணலாம்.

அவருடைய மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள். "என்னங்க, ஊரே உங்க கைராசியைப் பேசுது. அது உங்க தம்பி வண்டிக்கு மட்டும் ஏன் பலிக்கல?"

"சீல் சரியில்ல" என்றார் அவர்.

"எதோட சீல்?" என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திராமல் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு வருஷம் இப்படியே ஓடியது. மாலை வகுப்புக்கு அந்தக் காரைத்தான் மகள் ஓட்டினாள். மலைச்சாலை வளைவுகளில் கற்றுக்கொடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புவாள். தன் வயிற்றெரிச்சல் ஒரு விளக்கை அணைத்து வைத்திருக்க, தன் பெண் மிச்சம் இருக்கும் ஒற்றை விளக்கோடு வளைவு இறங்கி வருகிறாள் என்பது விளக்குக்காரருக்குத் தெரியும். தம்பியைப் பற்றி நல்லதாக நினைத்துப் பார்த்தார். நல்லதாக நினைக்க நினைக்க, இவ்வளவு நல்லவனாக இருந்தால் அவள் ஏன் அவனிடம் போகமாட்டாள் என்று தோன்றி, ஈரம் இன்னும் அதிகமானது. போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்பி, தினமும் பேக்கரி வரை போய், பன் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

மழை பெய்த ஒரு சாயங்காலம் மூன்றாவது வளைவில் கார் பள்ளத்தில் இறங்கியது. கூட இருந்த மாணவிக்கு ஒன்றும் இல்லை. மகளுக்கு இடது கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, அவள் யாரையும் குறை சொல்லவில்லை. "லெஃப்ட் சைடு சுத்தமாத் தெரியலப்பா" என்று மட்டும் சொன்னாள். விளக்குக்காரர் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை தம்பி கதவு நசுங்கின காரை இழுத்து வந்து பட்டறையில் நிறுத்தினார். விளக்குக்காரர் அவர் எதிரிலேயே கையுறைகளைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு குனிந்து இடது விளக்கில் கையை வைத்து, எடுத்தார். நாலரை விரல்.

தம்பி குனிந்து அந்த அச்சைப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று அண்ணன் காத்திருந்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். தம்பி வாசலுக்குப் போய் வெள்ளைக் காரின் முன்னால் உட்கார்ந்து, அதன் விளக்கில் கை வைத்தார். துடைத்த கண்ணாடி துடைத்த மாதிரியே இருந்தது.

"இதுல ஏண்ணே வரவே மாட்டேங்குது?" என்றார். "ஆறு வருஷமா இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பாக்கறேன்."

"எனக்கு எதுக்குடா வரப்போகுது? என்ன இருக்கு என்கிட்ட?"

"சாயங்காலம் ஆனா சாவியை என் கையில குடுத்துட்டு, 'சரி சித்தப்பா, அப்பா காத்துட்டிருப்பாரு'ன்னு ஓடுறாளே. தினமும் ஓடுறா. நான் எவ்வளவு சிரிக்க வெச்சாலும் ஆறரைக்கு ஓடிடறா." தம்பி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "வயிறு எரியும்ணே. அப்பறம் இங்க வந்து இந்தக் கண்ணாடியைப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. சரி, நமக்குப் பொறாமை இல்லபோல, நாம நல்லவன்தான்னு நெனச்சுட்டுப் போயிடுவேன்."

அப்போதுதான் விளக்குக்காரருக்குப் பொட்டலங்கள் ஞாபகம் வந்தன. தொழில் தெரிந்த ஒருவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது என்று அவர் பின்னாளில் எல்லோரிடமும் சொன்னார். வெள்ளைக் காரின் இரண்டு விளக்கையும் கழற்றி அடுப்பில் வைத்துப் பிரித்தார். கட்டைவிரல் அளவில் போட்டவை தலையணை அளவில் உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. முதல் பொட்டலத்தைக் கத்தரித்ததும் தண்ணீர் பீறிட்டது. இருபத்து நான்கையும் கத்தரித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. தண்ணீர் பட்டறையை நிரப்பி, படியிறங்கி, தெருவில் கணுக்கால் அளவு ஓடியது. பேக்கரிக்காரர் மாவு மூட்டைகளைப் பெஞ்சு மேல் ஏற்றினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார்கள். பல் டாக்டர் காரை நிறுத்தி இறங்கி, இவ்வளவும் ஒரே வண்டியிலிருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகம் சுருங்கியது, அந்த விநாடியே அப்போதுதான் மூடிவைத்த வெள்ளைக் காரின் வலது விளக்கில் லேசாக ஒரு வெளுப்பு ஏறியது.

இடது விளக்கு ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் முழுக்க வெளுத்துப்போனது. தம்பி கை வைத்தார். ஐந்து விரலும் பதிந்தன. விளக்குக்காரர் அந்த அச்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு வருத்தமாக இருந்தது, உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் மகா சந்தோஷமாகவும் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. "இவ்வளவாடா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

எல்லாம் வெளியே வந்துவிட்டதால் பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாளும் இரண்டு காரிலும் நீர் கோத்திருந்தது, அதற்கடுத்த நாளும். மாவுக்கட்டோடு பட்டறைக்கு வந்த மகள் இரண்டு கை அச்சுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். யாருக்காக இந்த ஈரம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்து என் கையை ஒடிச்சிருக்கீங்க" என்றாள். பிறகு, பொறாமையை விடச் சொன்னால் நடக்கப்போவதில்லை, தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் ஆளுக்கொரு கை வைத்துவிட்டுப் போங்கள், அந்த அளவு வெளிச்சம் எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு அண்ணன் தம்பி இருவரும் பட்டறை வாசலில் சந்தித்து, ஒருவர் வண்டியில் மற்றவர் கை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் தன் காரை அவர் வீட்டுக்கே ஓட்டிப்போனார். கை எலும்பு கூடியதும் மகள் மறுபடி மலைச்சாலையில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். இருட்டும் நேரத்தில், சாலையின் இடது ஓரத்தில், ஒரு பெரிய கை வெளிச்சமாக விரிந்து, சுண்டுவிரல் பாதி குறைந்து, பள்ளங்களையும் கற்களையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே அவளுக்கு முன்னால் போகும். எதிரே வருகிற லாரிக்காரர்கள் அதைக் கண்டால் விளக்குக்காரர் பெண் வீட்டுக்குப் போகிறாள், மணி ஆறரை ஆகப்போகிறது என்று சொல்லி, ஓரம் கட்டி வழிவிட்டார்கள்.